பாட்டியின் துப்பாக்கி விற்பனைக்கு!

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு மரவேலி இருக்கிறது. பெயருக்குத்தான் வேலி. இந்தப் பக்கத்திலிருந்து கேசரியும் எலுமிச்சம்பழ சாதமும் அதைத் தாண்டிப் போகும். அந்தப் பக்கத்திலிருந்து ஆப்பிள் பையும் ராஸ்ப்பெர்ரி ஜாமும் வரும். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பிட்ஸ்பர்க் நகரிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிற மலையடிவாரத்துச் சிற்றூர் எங்களுடையது. அடுத்த வீட்டில் இருப்பவர் எழுபத்தொன்பது வயதுப் பாட்டி. தனியாக இருக்கிறார். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

வசந்த காலத்தில் ஒரு நாள் காலை, கேசரிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பாட்டி, "அவருடைய துப்பாக்கியை விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன். விளம்பரம் எழுதித் தருகிறாயா, குழந்தை? எனக்கு இப்போதெல்லாம் கை நடுங்குகிறது" என்றார்.

"சீச்சீ! அதைப் போய் விற்பார்களா? ஆற்றில் தூக்கிப் போடுங்கள்!" என்றேன் நான்.

யோசித்துச் சொன்ன வார்த்தை அல்ல, வாய் முந்திக்கொண்டது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. கிண்ணத்தை வேலியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிற்பாடு அந்த விளம்பரத்துக்கு எத்தனையோ கடுமையான பதில்கள் வந்தன. ஆனால் முதல் பதில், விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே, என் வாயிலிருந்துதான் வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மான் வேட்டைத் திருநாள்

நம் ஊர்ப் பெண்களுக்குத் துப்பாக்கி என்றால் சினிமாவில் வில்லன் கையில் இருப்பது. இல்லாவிட்டால் பாங்கி வாசலில் காவல்காரர் தோளில் தொங்குவது. இங்கே அப்படி அல்ல. 2023-ல் பியூ ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கில், அமெரிக்காவில் வயது வந்தவர்களில் பத்துப் பேருக்கு நாலு பேர், தாங்கள் வசிக்கும் வீட்டில் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அதிலும் பென்ஸில்வேனியா மலைப் பக்கத்தில் மான் வேட்டை என்பது ஏறக்குறைய ஒரு பண்டிகை. நவம்பர் மாதக் கடைசியில், 'தாங்க்ஸ்கிவிங்' விருந்து முடிந்த கையோடு சீஸன் ஆரம்பம். வெகு காலமாக அது திங்கட்கிழமையில் தொடங்கி வந்தது. பையன்களும் வாத்தியார்களும் ஒருங்கே காட்டுக்குப் போய்விடுவதால் பள்ளிக்கூடங்களுக்கே அன்று விடுமுறை! 2019 முதல் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் பல பள்ளிகள் பழைய வழக்கத்தை விடாமல் திங்களன்று இன்னும் கதவைச் சாத்துகின்றன. வேட்டைக்குப் போகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு வர்ணத்தில் குல்லாயும் சட்டையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஒருவரை ஒருவர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது அல்லவா?

நாங்கள் குடிவந்த முதல் வருஷம் அந்தத் தாத்தா, பெரிய பொட்டலம் ஒன்றைக் கையில் ஏந்தி எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே மான் இறைச்சி! புது அண்டை வீட்டாருக்கு அவர் கொடுக்கும் உயர்ந்த மரியாதை அது. நாங்களோ கத்திரிக்காய்க் கூட்டோடு நிற்கிறவர்கள். என் கணவர் திருதிருவென்று விழித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் தாத்தா ஹோவென்று சிரித்துவிட்டு, மறுநாள் ஒரு கூடை பூசணிக்காய் கொண்டுவந்து வைத்தார். அப்படிப்பட்ட மனிதர்.

அவருடைய துப்பாக்கி 'வின்செஸ்டர் 94'. ஜான் பிரௌனிங் என்ற துப்பாக்கி நிபுணர் வகுத்து, 1894-ல் வெளிவந்த ரகம். விரல்கள் நுழைகிற ஓர் இரும்பு வளையத்தைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த குண்டு ஏறிவிடும். கௌபாய்ப் படங்களில் குதிரை மேல் வருகிறவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். எழுபது லட்சத்துக்கு மேல் தயாரானது. 2006-ல் அமெரிக்கத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோயிற்று. தாத்தா அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, பூட்டிய அலமாரியில் வைத்திருந்தார். குண்டுகள் வேறோர் அறையில் வேறு பூட்டில்.

பாட்டிக்கு இரண்டு கவலைகள். வீட்டுக் கூரை ஒழுகுகிறது. பணம் வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்றை அவர் அன்று சாயங்காலம், நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, மெல்லச் சொன்னார்: "பேரப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வருவார்கள். பெரியவனுக்குப் பதினைந்து வயது. போன வருஷம் முதல் அவன் முகம் சரியாக இல்லை. யாரோடும் பேசுவதில்லை. எனக்கு அந்த அலமாரிச் சாவியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை."

காலையில் நான் சொன்ன சொல்லை நாக்கைக் கடித்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். பேனாவை எடுத்தேன். "வின்செஸ்டர் 94. 1964-க்கு முந்தியது. ஒரே கையில் இருந்தது. விலை ஆயிரம் டாலர்" என்று எழுதி, பாட்டியின் டெலிபோன் எண்ணையும் சேர்த்தேன். உள்ளூர் வாரப் பத்திரிகையின் வரி விளம்பரத்தில் ஒன்று; வேட்டைக்காரர் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் படத்தோடு மற்றொன்று.

வந்தன பதில்கள்!

முதல் நாளே டெலிபோன் மணி அடிக்கத் தொடங்கியது. "ஆயிரமா? உன் கணவர் தங்கத்தில் செய்து வைத்திருந்தாரா? நூறு தருகிறேன், அதுவே அதிகம்" என்றார் ஒருவர். "இந்த விலைக்குப் புதுசே வாங்கலாமே, கிழவிக்குப் பேராசை!" என்று மற்றொருவர் செய்தி அனுப்பினார். உண்மையில் புதுசு அந்த விலைக்குக் கிடைக்காது. அந்த ரகம் இப்போது ஜப்பானில் தயாராகி வருகிறது. புதியதன் விலை ஆயிரத்துக்கு மேலே. வசைபாடுகிறவர்கள் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டா பாடுகிறார்கள்?

மூன்றாவது ஆள் கிளப்பில் படத்தைப் பார்த்தவர். அவர் எழுதியது நீளமான வசவு. "இது 1964-க்கு முந்தியது என்று சொல்வது பச்சைப் பொய். கண் தெரிகிற எவனும் இதை நம்ப மாட்டான். வயதான பெண்பிள்ளை என்று சொல்லி ஊரை ஏமாற்றப் பார்க்கிறாயா?"

இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். 1964-ல் வின்செஸ்டர் கம்பெனியார் செலவைக் குறைப்பதற்காகச் செய்முறையை மாற்றினார்கள். இரும்பைக் கடைந்து செய்து வந்த சில பாகங்களைத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்யத் தொடங்கினார்கள். வாடிக்கைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அன்று முதல் இன்று வரை "அறுபத்து நாலுக்கு முந்தியது" என்றால் ஒரு விலை, பிந்தியது என்றால் வேறு விலை. நம் வீட்டுப் பெரியவர்கள் "அந்தக் காலத்துப் பித்தளை" என்று சொல்வார்களே, அந்தக் கதைதான்.

பாட்டியின் முகம் சிவந்துவிட்டது. "ஐம்பத்தொரு வருஷம் குடித்தனம் செய்தேன். அவர் பொய் சொல்ல மாட்டார்!" என்றார். எனக்கும் கோபம்தான். காரசாரமாக ஒரு பதில் எழுதித் தரவும் தயாராக இருந்தேன்.

தடுத்தவர் என் கணவர். "திட்டினவன் சொன்னதில் திட்டைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்றார்.

மிச்சம் இருந்தது. துப்பாக்கியில் ஒரு வரிசை எண் பொறித்திருக்கிறது. ஊரிலுள்ள லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் அந்த எண்ணைச் சொன்னோம். பழைய பட்டியல் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "1966-ல் செய்தது, அம்மா" என்றார் அவர்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. பிறகு அவர் தோள் குலுங்கிற்று. பார்த்தால், சிரிக்கிறார்! "அவருக்கு விற்றவன் அவரை ஏமாற்றியிருக்கிறான். ஐம்பது வருஷம் கிளப்பில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டிருந்தாரே! நல்ல வேளை, தெரியாமலே போய்ச் சேர்ந்தார்" என்றார்.

அன்றே விளம்பரத்தைத் திருத்தினோம். விலை அறுநூறு டாலர் ஆயிற்று. திட்டினவருக்குப் பாட்டி தம் கையாலேயே இரண்டு வரி எழுதினார்: "நீங்கள் சொன்னது சரி. திருத்திவிட்டேன். நன்றி." மூன்றாம் நாள் அவரிடமிருந்து வந்த பதிலில் வசவு எதுவும் இல்லை. தாம் முரட்டுத்தனமாக எழுதியதற்கு வருந்துவதாகவும், இதே மாதிரி ஏமாற்று விளம்பரம் ஒன்றில் தாம் முன்பு பணத்தை இழந்ததாகவும் எழுதியிருந்தார். எல்லா முரடர்களும் இப்படி இளகிவிடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு டாலர்க்காரர் மேலும் இரண்டு தடவை கூப்பிட்டுத் திட்டினார்!

மூன்று பத்தி நோட்டு

பாட்டி முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் கணக்கு எழுதியவர். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று பத்தி கோடு போட்டார். முதல் பத்திக்குத் தலைப்பு 'கேள்வி', இரண்டாவது 'வசவு', மூன்றாவது 'பயம்'. வருகிற பதில் ஒவ்வொன்றையும் தேதி போட்டு ஏதாவது ஒரு பத்தியில் எழுதிவிடுவார். கேள்வி கேட்டவர் எந்தத் தொனியில் கேட்டாலும் சரி, அவருக்கு விடை உண்டு. வெறும் வசவுக்கு விடை கிடையாது. பயமுறுத்துகிறவர் என்றால், அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துப் போலீஸுக்குச் சொல்ல வேண்டும்.

"வசவுக்குப் பதில் எழுதினால் என்ன, பாட்டி?" என்று கேட்டேன்.

"எழுதினால் அவனுக்கு என்னோடு பேச்சு வளரும். எனக்கு விற்க வேண்டியது துப்பாக்கி; பேச்சு அல்ல" என்றார்.

பெயரில்லாத கடிதம்

இரண்டாவது வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. உறையில் உள்ளூர்த் தபால் முத்திரை. கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாத அந்தக் கடிதம்தான் எல்லாவற்றையும்விடப் பாட்டியை வருத்தியது. "பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் சாகிறார்கள். நீ அந்த ஆயுதத்தை இன்னொரு கைக்கு மாற்றிக் காசு வாங்கப் போகிறாய். நாளைக்கு அது எங்கே வெடித்தாலும் அந்த ரத்தம் உன் கையில்தான்."

பாட்டி ராத்திரி தூங்கவில்லை. காலையில் கண் வீங்கியிருந்தது. அந்தக் கடிதத்தில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தில் ஸாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதை யார் மறக்க முடியும்? 2021-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறர் சுட்டு இறந்தவர்கள் அல்ல. தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள். பாட்டி சாவியை ஒளிக்க இடம் தேடியது வீண் பயம் அல்ல.

விற்காமல் தொலைக்கவும் வழிகள் உண்டு. போலீஸாரிடம் கொடுத்து அழிக்கச் சொல்லலாம். ஸாண்டி ஹூக் துயரத்துக்குப் பிறகு 2013-ல் கொலராடோவில் தொடங்கிய 'ரா டூல்ஸ்' என்ற அமைப்பினர், வேண்டாத துப்பாக்கிகளை வாங்கி, அறுத்து, உலையில் காய்ச்சி மண்வெட்டியும் தோட்டக் கருவிகளுமாக அடித்துக் கொடுக்கிறார்கள். பாட்டி அதையும் யோசித்தார். ஆனால் ஒழுகும் கூரை? தவிர, அது அவர் கணவர் ஆசையாகத் துடைத்து வைத்த பொருள்.

"கடிதம் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்கலாமா? இந்தச் சின்ன ஊரில் எழுத்தைப் பார்த்தாலே தெரியுமே" என்றேன்.

"தெரியும் போலத்தான் இருக்கிறது. அதனால்தான் உறையை அடுப்பில் போட்டுவிட்டேன்" என்றார் பாட்டி. "ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்கு முன்வரிசையில் உட்காருகிறவரை நான் இழக்க விரும்பவில்லை. ஆனால் கடிதத்தை வைத்திருக்கிறேன். அதில் ஒரு கேள்வி இருக்கிறது: யார் கைக்கு மாற்றுகிறாய் என்பது. முதல் பத்தியில் எழுத வேண்டியது அது."

கூப்பனும் சட்டமும்

யார் கைக்குப் போகிறது என்ற அந்தக் கேள்வியால்தான் இந்த நாட்டுச் சட்டமே மாறியது. 1963 மார்ச்சில் ஓர் ஆள், துப்பாக்கிப் பத்திரிகை ஒன்றின் பிப்ரவரி இதழில் வந்த விளம்பரக் கூப்பனைக் கத்தரித்து, பொய்ப் பெயர் எழுதி, சிகாகோக் கடைக்குத் தபாலில் அனுப்பினான். துப்பாக்கி விலை 19 டாலர் 95 சென்ட். தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட். துப்பாக்கியும் தபாலிலேயே வந்து சேர்ந்தது. யார் என்ன என்று யாரும் விசாரிக்கவில்லை. அவன் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அந்த வருஷம் நவம்பர் 22-ம் தேதி டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடியைச் சாய்த்தது அந்தத் துப்பாக்கிதான். பிறகு 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்ட ஆண்டிலேதான் ஜனாதிபதி ஜான்ஸன் புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி வாங்குவது அதோடு நின்றது.

1998 முதல், லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் வாங்குகிறவர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும். கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்கும், மனைவியையோ குடும்பத்தாரையோ அடித்துத் தண்டனை பெற்றவர்களுக்கும் துப்பாக்கி கிடையாது. மனைவியைத் துன்புறுத்தியதற்காகக் கோர்ட்டுத் தடை உத்தரவுக்கு உட்பட்டவர்களுக்கும் அது இல்லை என்பதை 2024-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெண்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி இது.

ஆனால் சட்டத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது. கடை வைக்காத தனி மனிதர் தம் சொந்தத் துப்பாக்கியை அதே மாநிலத்துக்காரருக்கு விற்றால், மத்தியச் சட்டப்படி சரிபார்க்க வேண்டியதில்லை. சில மாநிலங்கள் இந்த இடுக்கை அடைத்துவிட்டன. பென்ஸில்வேனியாவில் கைத்துப்பாக்கிக்கு அடைத்திருக்கிறார்கள். வேட்டைத் துப்பாக்கிக்கு அடைக்கவில்லை. ஆகவே பாட்டி, தம் வீட்டுச் சமையலறை மேஜையிலேயே பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடுத்திருக்கலாம். வாங்கக் கூடாதவர் என்று தெரிந்தோ, சந்தேகப்பட நியாயமிருந்தோ கொடுத்தால்தான் குற்றம்.

பெயரில்லாத கடிதத்துக்குப் பாட்டி தந்த பதில் இதுதான்: சட்டம் கேட்காவிட்டாலும் கடைக்காரர் மூலமாகவே விற்பது. விளம்பரத்தில் ஒரு வரி கூடிற்று: "கைமாற்றம் லைசென்ஸ் பெற்ற கடையில் மட்டும்."

"இன்று ராத்திரியே வேண்டும்"

அந்த ஒரு வரி பலரை விலக்கிவிட்டது, சிலரைக் கோபமூட்டியது. "என்னைக் குற்றவாளி என்று நினைக்கிறாயா?" என்று கேட்டார்கள். பாட்டியிடம் தயாராக ஒரே வாக்கியம்தான்: "எல்லோருக்கும் அதே நிபந்தனைதான், ஐயா."

ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஓர் இளைஞன் குரல். "எழுநூறு தருகிறேன். இன்று ராத்திரியே வேண்டும். கடை, காகிதம் ஒன்றும் வேண்டாம்." கேட்ட விலைக்கு மேல் நூறு டாலர்! துப்பாக்கியைப் பற்றி அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாட்டி முடியாது என்றார். அவன் கெஞ்சினான். பிறகு திட்டினான். பாட்டி டெலிபோனை வைத்துவிட்டார். சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு செய்தி வந்தது: "நீ எந்தத் தெருவில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்."

பாட்டி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் நோட்டு. மூன்றாம் பத்தியில் முதல் தடவையாக ஒரு வரி எழுதியிருந்தது. போலீஸுக்குச் சொன்னோம், ஓர் அதிகாரி வந்து செய்தியைப் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையிலேயே என் கணவர் துணையோடு துப்பாக்கி கடைக்காரர் பெட்டகத்துக்குப் போய்விட்டது. அன்றிரவு பாட்டி எங்கள் வீட்டில்தான் படுத்தார்.

கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. "அவன் திருடனாக இருக்கலாம். வாங்கத் தடை உள்ளவனாக இருக்கலாம். வேறு ஒன்றாகவும் இருக்கலாம், அம்மா" என்றார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2009-ல் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்துக்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மனம் நொந்த கடைக்காரரும், மற்றத் துப்பாக்கி வியாபாரிகளும், பொதுச் சுகாதாரக்காரர்களும் ஒன்றுகூடி, அவசரப்படுகிறவரை எப்படி அடையாளம் கண்டு, எப்படி நிறுத்தி வைப்பது என்று கடைகளுக்குத் துண்டுப் பிரசுரம் தயாரித்தார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் அந்த வழியைப் பின்பற்றின. "அவசரம் என்பது சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அதுவரை கைக்கு எட்டாமல் இருந்தால், உயிர் பிழைக்கும்" என்றார் அவர்.

பாட்டி அந்த இளைஞனை நினைத்து வருந்தத் தொடங்கிவிட்டார். மிரட்டினவன் மேல் பரிதாபமா என்று எனக்கு ஆச்சரியம். "அவன் குரல் என் பேரன் குரல் மாதிரி இருந்தது" என்று மட்டும் சொன்னார். அவன் யார், என்ன ஆனான் என்பது இன்று வரை எங்களுக்குத் தெரியாது. மறுபடி அவன் கூப்பிடவில்லை.

விற்றது

கடைசியில் துப்பாக்கியை வாங்கியவள் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். முப்பது வயது இருக்கும். இறந்துபோன தன் தாத்தாவிடம் இதே ரகம் இருந்ததாம். அவரோடு சிறுமியாகக் காட்டுக்குப் போனவளாம். கடையில் அவள் படிவத்தை நிரப்பினாள். கடைக்காரர் மாநிலப் போலீஸ் பதிவேட்டில் சரிபார்த்தார். பத்து நிமிஷத்தில் சம்மதம் கிடைத்தது. கடைக்காரருக்கு ஏதோ சிறு கட்டணம். அதையும் அவளே கொடுத்துவிட்டாள். பாட்டி அறுநூறு டாலரை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அதே பையிலிருந்து தாத்தாவின் ஆரஞ்சுக் குல்லாயை எடுத்து, "இதற்கு விலை இல்லை" என்று அவள் கையில் கொடுத்தார்.

கூரை வேலையில் பாதியாவது அந்தப் பணத்தில் முடிந்தது. கோடையில் பேரப் பிள்ளைகள் வந்தார்கள். பெரியவனை அவன் தாயார் டாக்டரிடம் அழைத்துப் போகத் தொடங்கியிருக்கிறார். காலி அலமாரியில் இப்போது பாட்டியின் ஜாம் புட்டிகள்.

நம் ஊரில்...

"இதெல்லாம் அமெரிக்காவில், நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ்காரர் தம் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்பதென்றால், வாங்குகிறவரின் பெயர், விலாசத்தோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும். "இன்று ராத்திரியே" என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அந்த விதியின் அருமை எனக்குப் பாட்டியின் வீட்டுச் சமையலறையில்தான் புரிந்தது.

ஆனால் துப்பாக்கிதான் என்றில்லையே! பழைய தையல் மெஷினை, வீணையை, மாமனார் ஓட்டிய ஸ்கூட்டரை விற்க விளம்பரம் கொடுத்துப் பாருங்கள். வசவு தானாக வரும். அப்போது பாட்டியின் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்ததை மட்டும் விளம்பரத்தில் எழுதுங்கள். கணவர் சொன்னார் என்பதற்காக எதையும் எழுதாதீர்கள். திட்டில் திட்டைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பாருங்கள். உங்கள் பேரில் தவறு இருந்தால் உடனே திருத்தி, நன்றி சொல்லுங்கள். வெறும் வசவுக்கு வாயைத் திறக்காதீர்கள். நிபந்தனையை முன்னதாகவே சொல்லி, எல்லோருக்கும் அதையே சொல்லுங்கள். வீட்டு விலாசம் கொடுக்காமல், நாலு பேர் நடமாடும் இடத்தில், துணையோடு போய்ச் சந்தியுங்கள். மிரட்டல் வந்தால் அழிக்காதீர்கள், மறைக்காதீர்கள், அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். அதிக விலை கொடுத்து அவசரப்படுகிறவரிடம் மட்டும் அதிக ஜாக்கிரதை.

இன்னொன்றும் உண்டு. அது விற்பவருக்கு அல்ல, என்னைப் போன்றவர்களுக்கு. ஒரு மாதம் கழித்து, பாட்டியின் நோட்டை நான் புரட்டிக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில், விளம்பரம் வெளிவருவதற்கு ஒரு வாரம் முந்திய தேதியில், இரண்டாம் பத்தியில், 'வசவு' என்ற தலைப்பின் கீழே ஒரு வரி இருந்தது: "ஆற்றில் தூக்கிப் போடுங்கள்." அதை ஒரே கோடாக அடித்து, முதல் பத்தியில் மாற்றி எழுதியிருந்தார் பாட்டி.

என் முகம் போன போக்கைப் பார்த்து, "நீ அன்று சாயங்காலமே திரும்பி வந்தாயே, அதனால் மாற்றிவிட்டேன்" என்றார்.

மறுநாள் வேலியின் மேல் ஒரு கிண்ணம் கேசரி வைத்தேன். முந்திரிப் பருப்புக் கொஞ்சம் அதிகமாகவே போட்டிருந்தேன்.